ரீட்டா அக்காவின் சனிக்கிழமை நாடகங்கள்

1

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் ஊரில் வருகிற சனி ஞாயிறில் எந்த மண்டபத்தில் என்ன நாடகம் நடக்கிறது என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மணிக்குத் தொடங்கும், உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கும், எந்த மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் வசனம் கேட்காது, எந்த மண்டபத்து இடைவேளைப் பற்றீஸ் சூடாக இருக்கும், எல்லாம் எனக்கு விரல் நுனியில். இவ்வளவுக்கும் நான் இருப்பது சுவிஸில். கொட்டாஞ்சேனையை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம். அந்த மண்டபங்களில் பாதியை நான் கண்ணால் கண்டதே இல்லை.

வியாழக்கிழமை மாலை வேலைக்குப் போகிற ட்ராமில் ஏறியதும் கைபேசியை எடுப்பேன். கொழும்பு நாடகக் குழுக்களின் பக்கங்கள், பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கங்களின் பக்கங்கள், சிங்கள நாடகச் சுவரொட்டிகள், கோயில் அறிவித்தல்கள் ஒன்றையும் விடமாட்டேன். பதினாலு தரிப்பிடம் வருவதற்குள் பட்டியல் தயார். "இந்தச் சனிக்கிழமை மூன்று இருக்கு. முதலாவதுக்குக் கட்டாயம் போ. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதுக்குப் போனால் என்னைப் பேசாதே." இப்படி எழுதி வெள்ளவத்தையில் இருக்கிற என் அக்காவுக்கு அனுப்பிவிட்டுத்தான் ட்ராமை விட்டு இறங்குவேன். ஒருநாள் பட்டியல் முடியவில்லை என்று இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி, பனியில் வழுக்கி வழுக்கி ஓடியிருக்கிறேன்.

என் மனைவி ஜெயந்தி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "இஞ்சை எங்கடை வீட்டு பல்ப் மூண்டு கிழமையா எரியேல்லை. இவர் கொழும்பு ஹோலுக்கு லைட் பிடிக்கிறார்."

2

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்றால், வேலைத்தலத்தில். நான் எங்கள் நகரத்து ஒபேரா மண்டபத்தில் கோட் வாங்கிக் கொழுவுகிறவன். இந்த ஊரில் குளிர்காலக் கோட்டோடு ஒருவரும் உள்ளே போய் உட்கார முடியாது, அது சட்டம். வாசலில் என்னிடம் கழற்றித் தர வேண்டும். நான் இலக்கத் துண்டைக் கொடுப்பேன். முடிந்ததும் அதைத் தந்து கோட்டை வாங்கிக்கொண்டு போவார்கள்.

பார்வைக்கு இது மண்டையைப் பாவிக்கத் தேவையில்லாத வேலை. ஆனால் ஒரு ஒபேரா நல்லதா கெட்டதா என்பது பத்திரிகைக்காரருக்குத் தெரிய முன்னம் எனக்குத் தெரிந்துவிடும். இடைவேளையில் எத்தனை பேர் கோட் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். பத்துப் பேர் வந்தால் சுமார். நாற்பது பேர் வந்தால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஒருவரும் வராவிட்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன். உண்மையிலேயே நல்லது என்றால் அது முடிகிற நேரம் தெரியும். சனம் இலக்கத் துண்டைத் தொலைத்துவிட்டு வரும். அடுத்தவரின் கோட்டுக்குள் கையை விடும். போன மாரியில் ஒரு மனிதர் தன் மனைவியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூக்குச் சிந்தியபடி தெருவில் இறங்கிப் போனார். மனைவியும் மூக்குச் சிந்தியபடி பின்னால் போனார். அந்த ஒபேராவைப் பற்றி நான் எவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் இதுவரை ஒரு ஒபேராவும் பார்த்தது கிடையாது. என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, சனம் எப்போது வெளியே வரும் என்று நாங்கள் அறிவதற்கு. பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ பாடுவதுபோல அதில் கேட்கும். அவ்வளவுதான் என் ஒபேரா.

குடியுரிமை நேர்முகத்தில் மூன்று அதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். குப்பை எந்த நாளில் வைப்பது, எந்த மலை உயரம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குப் போவதுண்டா?" என்றார்கள். "வாரத்தில் ஐந்து நாள்" என்றேன். மூவரும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த மாதம் எதைப் பார்க்கலாம் என்று ஒரு அம்மா கேட்க, நான் கோட் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் விளக்கினேன். அவர் குறித்துக்கொண்டார். கடிதமும் வந்தது, குடியுரிமையும் வந்தது. பிறகு ஒருநாள் அதே அம்மா என்னிடம் கோட்டை நீட்டினார். என்னைக் கண்டதும் முகம் சிவந்தது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. போகும்போது மட்டும், "நீங்கள் சொன்னது சரி" என்றார்.

ஊழியர்களுக்கு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி உண்டு. நான் போகவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. கோட் வாங்கினவன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தால் அவர்கள் எப்படிச் சாய்ந்து இருப்பார்கள் என்று நினைப்பேன்.

3

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரீட்டா அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் அத்தானைக் கண்டது ஒரு நாட்டுக்கூத்தில். கொட்டாஞ்சேனைப் பங்கு மண்டபத்தில் பெரிய வெள்ளி கழிந்து போட்ட கூத்து. பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டுகிற காலம். அன்ரன் அத்தான் நெடுவலான ஆள், கழுத்து நீளம், ஆகவே அரசி வேஷம். முதல் காட்சியில் அரசி வந்து நின்று பாடத் தொடங்கியதும் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐயோ, அரசிக்குச் சேலை கட்டத் தெரியேல்லை. இப்ப அவிழப்போகுது." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழும்பி மேடைக்குப் பின்னால் போனாள். அடுத்த காட்சியில் அரசி ஆறு ஊசி குத்தின சேலையோடு, எங்கும் அவிழாமல், எங்கள் பக்கம் பார்த்தே பாடினார். இரண்டு வருடத்தில் கலியாணம்.

கலியாணம் முடிந்து வெள்ளவத்தைக்குப் போனார்கள். அன்று தொடக்கம் சனிக்கிழமை என்றால் ஸ்கூட்டரில் இருவரும் நாடகத்துக்குப் போவார்கள். தமிழ், சிங்களம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இங்கிலிஷ் நாடகம், வெளிநாட்டுக்காரர் வந்து பாடுகிற ஒபேரா, எது என்றாலும் சரி. விளங்காத மொழி என்றால் அத்தான் காதுக்குள் தானே ஒரு கதை கட்டிச் சொல்லுவாராம்.

போன வருடம் அத்தான் போய்விட்டார். மாரடைப்பு. என்னால் செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. என் பாஸ்போட் புதுப்பிப்பதற்காக அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் இருந்தவர் மிக மரியாதையாக, படிவத்தில் அவசரக் காரணம் என்ற பெட்டிக்குள் மனைவியின் சகோதரர் உண்டு, சகோதரியின் கணவர் இல்லை என்றார். அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தேன். யாரோ தூக்கிப் பிடித்த போனில் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போனாள், சந்தைக்குப் போனாள், வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கே ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவாள். "என்னக்கா செய்யிறாய்?" என்றால், "சும்மா இருக்கிறன்" என்பாள். அந்தச் சொல்லை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். அதற்குத்தான் பட்டியல்.

4

முதல் மூன்று பட்டியலுக்குப் பதில் வரவில்லை. நாலாவதுக்கு ஞாயிறு காலை போன் வந்தது.

"போனனான்" என்றாள்.

"எங்கை?"

"நீ சொன்ன ரெண்டாவதுக்கு. பரீனாவையும் கூட்டிக்கொண்டு போனனான்."

பரீனா எதிர் வீட்டுக்காரி. மாளிகாவத்தையில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று அக்கா கதை சொன்னாள் பாருங்கள். முதல் காட்சியில் நீதவான் கதிரை உடைந்தது, பிறகு அதையே நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள், நீதவான் கடைசிவரை நின்றுகொண்டே தீர்ப்பு சொன்னார், சனம் எழும்பி நின்று கை தட்டியது. நான் சமையலறையில் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் திருவிழாதான். கிழமைக்கொரு நாடகம், கிழமைக்கொரு விமர்சனம். அவ்வளவு அழகை நான் ஒருத்தன் வைத்திருப்பது நியாயமில்லை என்று, கொழும்பில் இருக்கிற என் பழைய கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பத் தொடங்கினேன். கிருலப்பனையில் இருக்கிற சிவா அதை நம்பிக் குடும்பத்தோடு ஒரு நாடகத்துக்குப் போய்விட்டு வந்து எழுதினான்: "நாடகம் நல்லம்தான் மச்சான். ஆனா ரீட்டா அக்கா சொன்ன நாடகம் இதைவிட நல்லம்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதினோராவது விமர்சனம் வரும்வரை நான் காற்றில் நடந்துகொண்டிருந்தேன்.

பதினோராவது, ஒரு ஒபேரா மாலை. கொழும்பு ஏழாம் பகுதியில், இளம் பாடகர்கள். நான் பட்டியலில் முதலாவதாகப் போட்டிருந்தேன். ஞாயிறன்று அக்கா ஆனந்தமாகச் சொன்னாள். பெரிய பாட்டு பாடின பிள்ளையின் கவுன் மேடை ஆணியில் கொழுவிக்கொண்டதாம். பிள்ளை பாட்டை நிறுத்தவில்லையாம். உச்சத்தைப் பிடிக்கிற நேரம் ஒரே இழுவை, கவுன் கிழிந்தது, அந்தச் சத்தமும் சுருதியில் இருந்ததாம்.

திங்கட்கிழமை அந்தக் குழுவின் பக்கத்தில் அறிவித்தல் கண்டேன். சனிக்கிழமை மண்டபத்தில் மின்சாரக் கோளாறு. நிகழ்ச்சி அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வருந்துகிறோம்.

நான் அறிவித்தலை மூன்று தரம் வாசித்தேன். பிறகு பரீனாவுக்குப் போன் எடுத்தேன். பாவம், அவவுக்குப் பொய் சொல்ல வராது. "எங்கயும் போகல்ல தம்பி. ஒரு நாளும் போகல்ல. சனிக்கெழம வந்தா ரீட்டாக்கா கதவ மூடிட்டு இருட்டில இருந்து யோசிக்கிறா. நான் தேத்தண்ணி கொண்டு போனா, சத்தம் போடாத, நாடகம் நடக்குது எண்டு சொல்றா."

5

கோபம் வந்தது. உண்மை சொன்னால், முதலில் கோபம்தான் வந்தது, சிரிப்பு பிறகு வந்தது. பதினாலு கிழமையாக நான் ட்ராமில் உயிரைக் கொடுத்துப் பட்டியல் போட, அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் பார்க்காத நாடகங்களை நான் பரிந்துரைக்கிறேன், அவள் பார்க்காத நாடகங்களை அவள் விமர்சிக்கிறாள், அதை நம்பிச் சிவா குடும்பத்தோடு முச்சக்கரவண்டி பிடிக்கிறான்.

அந்தக் கோபமும் சிரிப்பும் கலந்த நேரத்தில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. இல்லாத நாடகம் ஒன்றை அனுப்பினால் என்ன? அதற்கும் விமர்சனம் வரும். வந்த கையோடு பிடித்துக் கேட்கலாம்.

என் மகன் எட்வினுக்குப் பதினேழு வயது. கணினியில் படம் கீறுவதில் கெட்டிக்காரன். என்னோடு ஜெர்மனில் கதைப்பான், நான் தமிழில் பதில் சொல்லுவேன், இரண்டு பேரும் பாதி விளங்கிக்கொண்டு நகர்வோம். அவனிடம் ஒரு சுவரொட்டி கேட்டேன். எழுத்துகளை நான் அனுப்ப, அவன் அவற்றை வாசிக்கத் தெரியாமலே மிக அழகாக அடுக்கினான். கொட்டாஞ்சேனைப் பங்கு மண்டபம். சனி மாலை ஐந்தரை. பழைய மெட்டில் புதிய நாட்டுக்கூத்து, 'மூன்றுதரம் முடிசூடிய அரசி'. பெண் வேஷங்கள் அனைத்தும் ஆண்களே.

"இது என்ன சொல்லுது?" என்று எட்வின் ஜெர்மனில் கேட்டான். சொன்னேன். "ஏன் மூன்றுதரம்?" என்றான். எனக்கும் தெரியாது, சும்மா வாயில் வந்தது என்றேன்.

அனுப்பிவிட்டேன். கொட்டாஞ்சேனை, கூத்து, அரசி என்று எழுதுகிறபோது ஒரு கணம்கூட நான் அத்தானை நினைக்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. எனக்கு அந்தச் சொற்கள் ஊர் என்று மட்டும்தான் பட்டன.

6

ஞாயிறு காலை போன் வந்தது. ஜெயந்தியையும் எட்வினையும் பக்கத்தில் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன். சிரிக்க ஆயத்தமாக இருந்தேன்.

"ஜூட், மண்டபம் பூட்டிக் கிடந்தது."

"எந்த மண்டபம்?"

"எந்த மண்டபமோ? நீ சொன்ன மண்டபம். நானும் பரீனாவும் போய் இறங்கினால் கேற்றிலை இவ்வளவு பெரிய பூட்டு. வாச்சர் வந்து, 'அத முக்குத் நே நோனா' எண்டுறான்."

இன்றைக்கு ஒன்றுமில்லை அம்மா. காவல்காரன் சிங்களத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறான். ஜெயந்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அக்கா சொல்லிக்கொண்டு போனாள். நீலச் சேலையை அயன் பண்ணி உடுத்தாளாம். கைப்பைக்குள் ஆறு ஊசி எடுத்து வைத்தாளாம், இந்தக் காலத்துப் பெடியனுக்கும் சேலை கட்டத் தெரியாமல் இருக்கும் என்று. ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சனிக்கிழமை பின்னேரம் வீதியில் நின்றபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியதாம்.

"பூட்டைக் கண்டதும் அழுகை வந்தது தம்பி. கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். உன்னைப் பேசத்தான் போனை எடுத்தனான். அதுக்குள்ளை பரீனா படியிலை இருந்திட்டாள்."

பரீனா உட்கார்ந்துகொண்டு சொன்னாளாம்: "ரீட்டாக்கா, அந்த அரசிக்கு ஏன் மூணு தரம் முடி சூட்டுற? அதக் கேக்காம எனக்கு ஊட்டுக்குப் போக ஏலா."

"நான் என்ன செய்ய?" என்றாள் அக்கா. "சொல்லத் தொடங்கினன். முதல் முடி தகப்பன் வைச்சது. பிள்ளைக்கு ஏழு வயசு, முடி பெரிசு, கண்ணை மறைச்சுப் போட்டுது. கண் தெரியாமலே ராச்சியம் ஆண்டாள். ரெண்டாவது முடி புருஷன் வைச்சது. அது அளவாயிருந்தது. அந்த இடத்திலை அத்தான்ரை மெட்டு வந்திட்டுது."

"பாடினியா அக்கா?"

"பாடாமல் கூத்தை எப்பிடிச் சொல்லுறது?"

பாடியிருக்கிறாள். கொட்டாஞ்சேனைத் தெருவில், பூட்டிய மண்டபத்துப் படியில் நின்று, அத்தான் பாடிய மெட்டில். முச்சக்கரவண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டாராம். கோயில் பாடற்பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் பயிற்சிக்குப் போகாமல் நின்றார்களாம். வாச்சருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் உள்ளே போய்க் கதிரை எடுத்துவந்து அரசிக்கு வைத்தானாம். அவள் உட்காரவில்லையாம், அரசி சபையில் நின்றுதான் பாட வேண்டும் என்று.

சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "தம்பி, அப்பிடி ஒரு கூத்து இல்லைதானே?"

"இல்லை அக்கா. நான் கட்டினது."

"ஏன்?"

ஒத்திவைத்த ஒபேராவைச் சொன்னேன். பரீனாவிடம் கேட்டதைச் சொன்னேன். அத்தானை நினைக்காமல் எழுதியதையும் சொன்னேன். "மன்னிச்சுக்கொள் அக்கா" என்றேன்.

"அந்தக் கவுன் கிழிஞ்சது நல்லா வந்தது, என்ன?" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, கண்ணாலும் வந்தது. "சுருதியிலை கிழிஞ்சது எண்டு எப்பிடியக்கா யோசிச்சனீ?" என்று கேட்டேன். அது தானாக வந்தது என்று பெருமையாகச் சொன்னாள். "நீ அந்த ஒபேராக்களிலை ஒண்டெண்டாலும் பாத்தனியா?" என்று திருப்பிக் கேட்டாள். இல்லை என்றேன். "நினைச்சனான்" என்றாள். எட்வின் இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று, "அப்பா, அவ இப்ப என்ன சொன்னா?" என்று தமிழில் கேட்டான். எங்கள் வீட்டில் அவனாகத் தமிழில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் கவனிக்காததுபோல இருந்துகொண்டேன், கவனித்தால் நிறுத்திவிடுவான்.

ஆகவே கொழும்பு வாசகர்களே, இந்த வார இறுதிக்குப் பட்டியல் சின்னது. கொழும்பு ஏழில் ஒன்று இருக்கிறது, பரவாயில்லை. சிங்கள நாடகம் ஒன்று, நல்லது என்கிறார்கள். ஆனால் என் பேச்சைக் கேட்பவராக இருந்தால் சனிக்கிழமை ஐந்தரைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போங்கள். இருட்டுகிறது, கேற்றைப் பூட்ட வேண்டும் என்று வாச்சர் சொன்னதால் கூத்து இரண்டாம் முடியோடு நின்றிருக்கிறது. மிச்சத்துக்கு வரச்சொல்லி அவனே கேட்டிருக்கிறான். பாய் கொண்டு போங்கள், படி சுடும். சிவா குடும்பத்தோடு வருகிறான்.

போனை வைக்க முன்னம் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "அக்கா, அந்த மூண்டாவது முடியை அரசிக்கு ஆர் வைக்கிறது?"

"தெரியாது" என்றாள் அக்கா. "சனிக்கிழமை போனால்தான் தெரியும்."